திருத்திய அறிவிப்பு

"பி.பி.ஓ. ஆர்டர் காப்பி, பான் நம்பர், பேங்க் ஐ.எஃப்.எஸ்.சி. கோடு, மூணும் இல்லாதவங்க வரிசையில நிக்காதீங்க" என்று மூன்றாம் எண் சாளரத்தின் பின்னாலிருந்து அந்தப் பெண் கூவியபோது கழுகாசலம் கண்களை இறுக மூடிக்கொண்டார். ஒரு மூச்சில் மூன்று. முதலாவதின் கடைசி எழுத்தே ஆர்டர்தான். இரண்டாவதின் கடைசி எழுத்தே நம்பர்தான். மூன்றாவதின் வாலில் கோடு முன்னமே குந்தியிருக்கிறது. வாலுக்கு வால் கட்டுகிற வேலை. குரங்கே ஒரு வாலோடு நிறுத்திக்கொண்டது, கருவூலத்திற்குப் போதவில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவர் அவர், தமிழில் புலவர் பட்டமும் பெற்றவர். ஆகவே இரண்டு மொழிகளிலும் ஒருசேர வெறுப்பதற்கு அவருக்குத் தகுதி இருந்தது. எதிர்ச்சுவரில் ஓர் அறிவிப்பு: ஓ.டி.பி. பாஸ்வேர்டை எவரிடமும் கூற வேண்டாம். பாஸ்வேர்டு பாஸ்வேர்டு. சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவை விரல் தானாகத் தொட்டுப் பார்த்தது. எழுந்து போய் ஒரு கோடு கிழித்துவிட்டு வந்தால் என்ன? கிழிக்கலாம். நாளை வேறொருவன் வந்து அதன் மேலேயே இன்னொன்றை ஒட்டுவான். அதில் நான்கு இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை ஓய்வூதியர்கள் இங்கு நேரில் வந்து, தாம் இன்னும் உயிரோடு இருப்பதைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். அதற்கு நேர்காணல் என்று பெயர். கேள்வியும் இல்லை, மறுமொழியும் இல்லை. முகத்தைக் காட்டுவது, கையெழுத்திடுவது, போவது. உயிரோடு இருப்பது என்பது இவ்வளவுதான் என்று அரசு முடிவு செய்துவிட்டபின் கழுகாசலம் அதில் திருத்தம் சொல்லப் போவதில்லை. அவருடைய சீட்டில் நாற்பத்தொன்று. இப்போது போய்க்கொண்டிருப்பது இருபத்தாறு. மின்விசிறி சுழன்றது, காற்று வேறெங்கோ போயிற்று. பக்கத்து நாற்காலியில் தம் துணிப்பையை வைத்திருந்தார். அந்த நாற்காலி யாருக்காகவும் அன்று. பக்கத்தில் எவனாவது வந்து உட்கார்ந்து முழங்கையால் இடிப்பான் என்பதற்காக. அவ்வளவே. இன்று மாதத்தின் இரண்டாம் செவ்வாய் என்பதும், பதின்மூன்று ஆண்டுகளாக அவரும் ஞானசிகாமணியும் இரண்டாம் செவ்வாயன்றுதான் சேர்ந்து வந்தார்கள் என்பதும், அவன் எப்போதும் முன்னதாக வந்து இரண்டு சீட்டாக வாங்கி வைப்பான் என்பதும் தற்செயல். இன்று அவர் ஒரு சீட்டுத்தான் வாங்கினார். வாங்கும்போது, நாற்பத்திரண்டையும் சேர்த்துக் கேட்கலாமா என்று நாக்கு ஒரு கணம் புரண்டது. கேட்கவில்லை.

"ஆள் வருதா அண்ணாச்சி?" பைக்கு அப்பால் இருந்தவர் கேட்டார். பருத்த மனிதர், நெற்றியில் திருநீறு, மடியில் ஒரு தூக்குவாளி. வருவதாகவும் சொல்லாமல் வராததாகவும் சொல்லாமல் கழுகாசலம் தலையை ஆட்டினார். "நம்ம பேரு ஆவுடைநாயகம். வி.ஏ.ஓ. ஆபீசரா இருந்து ரிட்டயர்டு." கடவுளே, ஆபீசர் ஆபீசர். கிராமத்தின் நிலம் முழுவதையும் அளந்த மனிதர், தம் பதவியின் மூன்று எழுத்தை அளக்கவில்லை. "நீங்க சாரா? பாத்தாலே தெரியுது. ஒக்காந்திருக்கதே பரீட்சை ஹால்ல ஒக்காந்திருக்க மாதிரில்லா இருக்கு." சிரித்தார். கழுகாசலம் சிரிக்கவில்லை. "எங்கூட வருசா வருசம் ஒருத்தர் வருவாரு அண்ணாச்சி, சர்வேயரு. போன தைக்கு டி.சி. வாங்கிட்டாருல்லா. நல்ல மனுசன்." இறந்தார் என்பதைச் சொல்ல இவர்களுக்கு எத்தனை குறுக்குவழிகள்! மாற்றுச் சான்றிதழ் என்பது ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்குப் போகிற பிள்ளைக்குக் கொடுப்பது. அதை முதலில் டி.சி. என்று குறுக்கினார்கள். பிறகு டி.சி. சர்டிபிகேட் என்று நீட்டினார்கள். பிறகு பள்ளியை விட்டுத் துரத்துவதற்கு அதைப் பெயராக்கினார்கள். இப்போது பூமியை விட்டு. குறுக்கியது எதுவும் குறுகியபடியே கிடப்பதில்லை. தெருநாய்போலக் கண்ட வீட்டிலும் நுழைந்து கண்டதையும் தின்று வேறொன்றாகிவிடுகிறது. "காப்பி குடிக்கேளா? வீட்டுக் காப்பிதான். ஓசி." ஓசி! கம்பெனிக் காலத்தில் அஞ்சல் உறையின்மீது இட்ட எழுத்துகள் என்பார்கள். பணிநிமித்தம் அனுப்புவது, கட்டணமில்லை. இன்று அது தூக்குவாளியில் வந்து நிற்கிறது. ஒன்பதாம் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பெண் எழுந்து, "அப்ப நாம தப்பாப் பேசுறோமா சார், இல்ல அது ஊரு மாறி வந்துட்டா சார்?" என்று கேட்டாள். முன்வரிசைப் பெண். உட்காரச் சொன்னார். பிரிசில்லா. ஞானசிகாமணியின் மகள். வேண்டாம். "வேண்டாங்க, காப்பி குடிப்பதில்லை" என்றார். குடிப்பார். அதுவும் பொய். வாசலில் நிழல் விழுந்தது, நிமிர்ந்தார், கைத்தடியோடு வேறு யாரோ. ஞானசிகாமணி கைத்தடி ஊன்ற மாட்டான். உடற்பயிற்சி ஆசிரியன், எழுபது வயதிலும் விசில் ஊதி நிறுத்தியவனைப்போல் விறைப்பாக நிற்பான். வந்தால் அந்த வாசலில் அப்படித்தான் நிற்பான். வந்தால் சொல்லவேண்டிய வாக்கியம் ஆயத்தமாக இருந்தது. அதைப் பேருந்திலேயே இரண்டுமுறை திருத்தியிருந்தார். 'அன்று நான் எழுதியதற்கு வருந்துகிறேன்.' சரிதான்; ஆனால் அன்று என்றால் என்று? அவன் அறிவான். அறிவான் என்றால் ஏன் சொல்ல வேண்டும்? 'அன்று' நீக்கம். 'நான் எழுதியதற்கு வருந்துகிறேன்.' வருந்துகிறேன் என்பதிலேயே நான் இருக்கிறது. 'நான்' நீக்கம். 'எழுதியதற்கு வருந்துகிறேன்.' இப்போது அது தந்தி. தந்தியில் மன்னிப்புக் கேட்பவன் மனிதனா?

பள்ளியில் சம்பளப் பட்டியலைத் தமிழில் எழுதிய எழுத்தர் அவருக்கும் பி.டி. என்றுதான் போட்டார், அவனுக்கும் பி.டி. என்றுதான் போட்டார். ஆங்கிலத்தில் முதலெழுத்து வேறு. அவர் பட்டதாரி ஆசிரியர், அவன் விளையாட்டு ஆசிரியன். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அவர் தலைமையாசிரியரிடம் எழுத்துமூலம் முறையிட்டார். ஞானசிகாமணி ஆசிரியர் அறையில் விழுந்து விழுந்து சிரித்தான். "நீரும் பி.டி., நானும் பி.டி., இதுல என்ன வே குறைஞ்சுபோச்சு? நான் பெரிய பி.டி., நீரு சின்ன பி.டி., அவ்வளவுதான். ஒசரத்துக்கு வச்சுச் சொல்லுதேன்." அன்றிலிருந்து ஓய்வுபெறும் நாள்வரை சின்ன பி.டி. கடைசிவரை அந்தப் பெயருக்கு அவர் முதல் அழைப்பில் திரும்பிப் பார்த்ததே இல்லை. இரண்டாம்முறை அழைத்தால்தான் பார்ப்பார். அவன் எப்போதும் இரண்டுமுறை அழைப்பான். அவனிடம் எல்லாமே இரண்டுமுறைதான், பி.டி. டீச்சர் டிரெயினிங், கேட்டு வாசல், நடு சென்டர். மைதானத்தின் நடு சென்டரில் நில்லு என்பான். ஒருநாள் தாங்க முடியாமல், "அறிவு கெட்டவனே, நடு என்றாலே சென்டர்" என்றார். அவன் நிதானமாகக் கேட்டான்: "ஞாண்னா கயிறுன்னு நீருதான சொன்னீரு? அப்ப அரைஞாண் கயிறுன்னு ஒம்ம ஆத்தா சொல்லலையா? ஒரு கயிறு அத்துப்போனா இன்னொண்ணு வேணும்லா வே. சும்மா எழுத்த மட்டும் சொன்னா எனக்குக் கைக்கு எதும் ஆப்பிடாத மாதிரி இருக்கு." அறியாமைக்கு இப்படியொரு சமாதானம். இலக்கணத்தில் இதற்கு இடமில்லாமலில்லை. ஒருபொருட்பன்மொழி என்று அவரே நடத்தியிருக்கிறார். சிறப்புக் கருதி வரும், உள்ளம் மிகும்போது வரும், அப்போது குற்றமில்லை. ஆனால் ஞானசிகாமணிக்கு எதற்கு இலக்கணத்தின் அனுமதி? நாவுக்கு வந்ததைச் சொல்கிறவன். சொன்னான். ஓய்வுபெற்றோர் குழுவில், கைபேசியில், காலை ஆறு மணிக்கு. அது வேண்டாம். இருபத்தொன்பது, என்று கூவினாள் அந்தப் பெண். அறுபத்திரண்டு பேர் கொண்ட குழு அது. அறுபத்திரண்டு ஆசிரியர்கள், ஒருவருக்கும் ஒற்று எங்கே மிகும் என்று தெரியாது. ஒருவர் இறந்தால் ஆர்.ஐ.பி. என்று மூன்றெழுத்தை எறிந்துவிட்டுக் காலை வணக்கப் பூக்களுக்குத் திரும்புவார்கள். ஆர்.ஐ.பி. ஆயிட்டாரு என்று அதை வினைச்சொல்லாகவும் ஆக்கியாயிற்று. இந்தக் குப்பையை யாராவது பெருக்க வேண்டுமல்லவா? காலையில் எழுந்ததும், பல் துலக்குமுன், அவர் பெருக்குவார். விடைத்தாள் திருத்துவதுபோல், அடியிலிருந்து மேலாக, ஒவ்வொன்றாக, வேகமாக. விடைத்தாள் திருத்துகிறவன் விடையைப் படிப்பதில்லை. பிழையைத்தான் படிக்கிறான். நாற்பது பிள்ளைகள், ஐந்து பிரிவுகள், படித்துக்கொண்டிருந்தால் விடியுமா? கண் வரிமேல் ஓடும், பிழை தட்டும், பேனா விழும். அந்தக் காலையிலும் தட்டியது. ஐ.சி.யூ. யூனிட்டில், என்று இருந்தது. அடுத்த வரியில் சி.எஸ்.ஐ. சர்ச்சில், என்று இருந்தது. ஒரே செய்தியில் இரண்டு. விரல் விழுந்தது. 'ஐ.சி.யூ. என்பதிலேயே யூனிட் அடங்கிவிட்டது. சி.எஸ்.ஐ. என்பதிலேயே சர்ச் அடங்கிவிட்டது. கூறியது கூறல் குற்றம்.' அனுப்பிவிட்டுப் பல் துலக்கப் போனார். வாயில் பற்பசை நுரையோடு நின்றபோதுதான், பிழைகளுக்கு நடுவில் இருந்த சொற்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. என் மனைவி. எஸ்தர் பாக்கியம். இன்று அதிகாலை. கர்த்தருக்குள் நித்திரை. அடக்க ஆராதனை மாலை நான்கு மணிக்கு.

அவர் மனைவி செண்பகவடிவு மகளின் பேறுகாலத்திற்குப் போயிருந்த இருபத்திரண்டு நாளும் அவருக்கு மதியச் சோறு கொடுத்து அனுப்பியவள் அந்த எஸ்தர் பாக்கியம். குழம்பு தனியாக, ரசம் தனியாக, மூடியின்மேல் நூல் சுற்றி. துடைத்துவிடலாம் என்று கைபேசிக்கு ஓடினார். அதற்குள் முப்பத்தொருவர் பார்த்திருந்தார்கள். எவரும் ஒன்றும் எழுதவில்லை. அறுபத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை அடக்கிக்கொண்டதுபோல் குழு கிடந்தது. பிறகு ஞானசிகாமணி எழுதினான். 'சரி சார்.' நாற்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட அவரை அவன் சார் என்று அழைத்ததில்லை. அதற்கும் கீழே, அந்த அறிவிப்பை மறுபடி இட்டிருந்தான். திருத்தி. ஐ.சி.யூ.வில். சி.எஸ்.ஐ.யில். பிணத்தை நடுவீட்டில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்து, இரண்டு சொற்களைத் தேடி எடுத்து நீக்கி, பிழையற்ற படியை ஒப்படைத்திருந்தான். பத்துக்குப் பத்து. அதில் கோபம் இருந்தால் பிழைத்திருக்கலாம். கோபம் இல்லை, அல்லது இருந்த கோபத்தையும் நீக்கிவிட்டு எழுதினான். செண்பகவடிவு அடக்கத்திற்குப் போனாள். அவருக்குக் காய்ச்சல். காய்ச்சல் என்று சொன்னார். "ஒங்களுக்கா காய்ச்சலு? ஒங்க நாக்குக்குத்தான் வந்திருக்கணும், அம்மை கொண்டுபோற காய்ச்சலு" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினாள். பதினொரு மாதங்கள். தொலைபேசி இருக்கிறது, பேருந்து இருக்கிறது, நான்கு நிறுத்தம். போயிருக்கலாம். போய் என்ன சொல்வது? எந்த வாக்கியத்தை எடுத்தாலும் அதில் ஏதோ ஒன்று மிகையாக இருந்தது. மிகையை நீக்க நீக்க ஒன்றும் எஞ்சவில்லை. முப்பத்தைந்து. தூக்குவாளிக்காரர் மூடியில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். இந்த மனிதர்களின் தொண்டை எழுப்பும் ஓசை! எதிர் வரிசையில் ஒருவர், ஏ.டி.எம். மெஷின் தம் கார்டை விழுங்கிய கதையை இரண்டாம்முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மெஷின் மெஷின். விழுங்கட்டும். இவர்களையும் சேர்த்து விழுங்கட்டும். அவன் வரமாட்டான். இவர் இங்கு இருப்பார் என்று தெரிந்தே வேறொரு நாள் வருவான். முறைதானே. அவர் அவன் இடத்தில் இருந்தால் மாவட்டத்தையே மாற்றிக்கொண்டிருப்பார். ஆனாலும் பையை நாற்காலியிலிருந்து எடுக்கவில்லை. 'ஞானம், என்னைப் பொறுத்துக்கொள்.' என்ன இது, நாடகமா? நீக்கம்.

முப்பத்தெட்டு போய்க்கொண்டிருந்தபோது ஒரு பெண் வரிசையைத் தாண்டிச் சாளரத்திற்கே போனாள். கையில் நெகிழிக் கோப்பு, தோளில் ஹெல்மெட் மாட்டிய பை, கலைந்த தலை. வரிசை முணுமுணுத்தது. "யம்மா, நாங்கல்லாம் என்ன பந்து வெளயாடவா வந்திருக்கோம்?" என்றார் ஆவுடைநாயகம். அவள் திரும்பவில்லை. "மேடம், நேர்ல வர முடியாதவங்களுக்கு லெட்டர் குடுத்தாப் போதும்னு சொன்னாங்க. எங்க அப்பாவுக்கு. ஞானசிகாமணி, ரிட்டயர்டு பி.டி. மாஸ்டர்." மின்விசிறி நின்றுவிட்டதுபோல் இருந்தது, நிற்கவில்லை. "ஏன் வர முடியாது?" என்றாள் சாளரத்துப் பெண், தலை நிமிராமல். "சனிக்கிழமையில இருந்து ஐ.சி.யூ. யூனிட்ல…" பிரிசில்லாவின் முகம் பக்கவாட்டில் திரும்பியது, வரிசையை, நாற்காலிகளை, துணிப்பையை, அவரைக் கண்டது. உதடு அப்படியே நின்றது. பிறகு மெதுவாக, வகுப்பில் எழுந்து நின்று ஒப்பிப்பதுபோல், "ஐ.சி.யூ.ல" என்றாள். "ஐ.சி.யூ.ல இருக்காங்க."

அவர்கள் வீட்டில் அவருடைய சிவப்பு மை இன்னும் காயவில்லை. அந்த ஒரு சொல்லை அவர்கள் பதினொரு மாதமாகத் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். நாக்கில் வரும்போதெல்லாம் நிறுத்தி, விழுங்கி. அப்பனுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும்போதும் பெண் நின்று திருத்திக்கொள்கிறாள். நன்றாகத்தான் கற்பித்திருக்கிறாய் கழுகாசலம். நாற்பதில் ஒருத்திக்குக்கூடத் தவறவில்லை. ஊரையெல்லாம் இகழ்ந்துகொண்டு உட்கார்ந்திருந்த நாற்காலி திடீரென்று மிக உயரமாகவும் அதன்மேல் தாம் மிகச் சிறியவராகவும் இருப்பதுபோல் தோன்றிற்று. எழுந்தார். பை சரிந்து, கண்ணாடிக் கூடும் கைக்குட்டையும் தரையில் சிதறின. டாக்டர் கடிதத்தில் முத்திரை இல்லை என்று சாளரத்துப் பெண் திருப்பித் தந்தாள். நாளை கொண்டுவருவதாகப் பிரிசில்லா சொன்னாள். கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு அவரைக் கடந்தாள். எதிரே போய் நின்றார். ஆயத்தமாக இருந்த வாக்கியங்கள் ஒன்றும் இல்லை.

"எந்த ஆஸ்பத்திரி, அம்மா?"

"ஏன் சார்?" என்றாள். "அதுலயும் ஏதாவது தப்பு இருக்கா?"

உரக்கச் சொல்லவில்லை. அதற்குமேல் அவள் நிற்கவுமில்லை. அவர் பின்னால் நடந்தார். "டோக்கன் நாப்பத்தொண்ணு! கழுகாசலம்!" என்றது சாளரம். "அண்ணாச்சி, ஒம்மத்தான் கூப்பிடுதாவ! இப்பம் விட்டா இன்னொரு நாளு வந்து மொதல்ல இருந்து நிக்கணும்லா!" என்று ஆவுடைநாயகம் தூக்குவாளியை ஆட்டிக் கத்தினார். படிகளில் வெயில் சுட்டது. செருப்பு ஒன்று கழன்றது. மாட்டிக்கொள்வதற்குள் அவள் ஸ்கூட்டர் நிறுத்திய இடத்தை அடைந்துவிட்டாள்.

"போங்க சார், உங்களக் கூப்பிடுறாங்க."

"கூப்பிடட்டும்."

அவள் ஹெல்மெட்டைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தாள். "உள்ள ஒரு ஆளத்தான் விடுவாங்க. காலையில பத்து நிமிசம், சாயங்காலம் பத்து நிமிசம். அந்தப் பத்து நிமிசத்த நான் உங்களுக்குத் தரணுமா?" குரல் உடைந்தது, உடைந்ததற்காக அவர்மேல் இன்னும் கோபம் வந்ததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அம்மா அடக்கத்துக்கு நீங்க வருவீங்களான்னு அப்பா கேட்டுக்கேட்டுப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. பொட்டி மூடுற வரைக்கும்."

காய்ச்சல் என்று சொல்லலாம். செண்பகவடிவு அவர்களிடம் அதைத்தான் சொல்லியிருப்பாள். "எனக்குக் காய்ச்சல் இல்லை" என்றார். அது அவர் சொல்ல நினைத்த எதுவும் அன்று. ஆனால் அதில் நீக்குவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. "நீயே போ, உள்ளே. நான் வெளியில் பெஞ்சில் இருக்கிறேன்."

"வெளிய இருந்து என்ன செய்வீங்க?"

"இருப்பேன்."

தெருவில் ஒரு லாரி பின்வாங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டாம்முறையாக அவர் பெயரைக் கூவினார்கள். பிரிசில்லா சாவியைப் போட்டாள், வண்டியைக் கிளப்பவில்லை. "பேச்சு வருது, அப்பப்ப. கண்ணத் தொறந்து வெளிய யாரு வந்திருக்கான்னு கேக்காங்க. யாருன்னு நான் சொல்ல?"

அவருடைய முழுப்பெயர், பட்டங்களோடு, நாவின் நுனிவரை வந்தது. வந்து, அங்கேயே நின்றது.

"சின்ன பி.டி. வந்திருக்கான்னு சொல்லு" என்றார். அவளுக்குக் கேட்டதோ என்னவோ, லாரியின் இரைச்சல். மறுபடி சொன்னார். "சின்ன பி.டி., வெளியில இருக்கான்னு சொல்லு."

உள்ளே மூன்றாம்முறையாகவும் கூவி, நாற்பத்திரண்டை அழைத்தார்கள். பிரிசில்லா பின்னிருக்கையில் வைத்திருந்த கோப்பை எடுத்து முன்னால், தன் கால்களுக்கு இடையில், செருகிக்கொண்டாள்.